எச்.எஸ்.வி. உள்ள அப்பா அம்மா: 2 வயசுப் பையனுக்கும் பிறக்கப்போற குழந்தைக்கும் பரவாம இருக்க என்ன செய்யணும்?

வாசல்கோலம் (கேள்வி)

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். எனக்குப் பிறப்புறுப்புல ஹெர்பிஸ் (எச்.எஸ்.வி.ங்கற வைரஸால வர்ற கொப்புளம்), டைப் 2. முதல் கர்ப்பத்துக்கு முன்னாடியே ஸ்வாப் எடுத்து பி.சி.ஆர். பண்ணி உறுதியானது. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வரும். கணவருக்கு உதட்டோரத்துல கொப்புளம் வரும். வெயில்ல அலைஞ்சாலோ காய்ச்சல் அடிச்சாலோ கட்டாயம் வரும். பையனுக்கு 2 வயசு, 12 கிலோ. இப்போ நான் 31 வாரம்.

டவல், பக்கெட், சோப்பு, துணி துவைக்கறது எல்லாத்தையும் தனியா வெச்சிருக்கேன். இது வேணுமா? பையனுக்குக் கால் கழுவி விடறப்போ என் கையால பரவுமா? அப்பா அவனுக்கு முத்தம் கொடுக்கலாமா? பிரசவம் சிசேரியன்தானா? தாய்ப்பால் கொடுக்கலாமா?

ஒரு பக்கம் "உலகத்துல பாதிப் பேருக்கு இருக்கு, விடுங்க"ங்கறாங்க. இன்னொரு பக்கம் "பிறந்த குழந்தை உயிருக்கே ஆபத்து"ங்கறாங்க. பயப்படாதேன்னு மட்டும் சொல்லாம, எதைச் செய்யணும், எதை விடலாம்னு சொல்லுங்க.

வேப்பங்காற்று

நீங்க கேள்விப்பட்ட ரெண்டுமே உண்மை. பிறந்து முதல் 6 வாரம் ஒரு கணக்கு, அதுக்கு மேல வேற கணக்கு. இதைப் பிரிச்சுப் பார்க்கலன்னா தேவையில்லாத இடத்துல தேய்ச்சுக் கழுவிட்டு, தேவையான இடத்துல கோட்டை விட்டுடுவோம்.

முதல்ல பெரியவன். உங்க வைரஸ் அந்த இடத்துத் தோல்லேர்ந்துதான் வெளியே வரும். அந்தத் தோல் இன்னொருத்தரோட மெல்லிய தோல்லயோ காயத்துலயோ நேரா உரசினாத்தான் ஒட்டும். இந்த வைரஸைச் சுத்திக் கொழுப்பால ஆன உறை ஒண்ணு இருக்கு. சோப்பும் சானிடைசரும் அந்த உறையைக் கரைச்சுடும். காய்ஞ்சா தானாவே வலுவிழந்துடும். டாய்லெட், மக்கு, பக்கெட், ஒண்ணா துவைச்ச துணி, ஒரே படுக்கை, மடியில உட்கார வைக்கறது இது எதுலயும் பையனுக்கு வராது. தனியா துவைக்கறதை இன்னைக்கே விட்டுடலாம். கொப்புளம் இருக்கற நாள்ல மட்டும், அந்த இடத்தைத் தொட்டாலோ மருந்து போட்டாலோ உடனே 20 விநாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்க, நீங்க துடைச்ச ஈர டவலால அவனைத் துடைக்காதீங்க, அவனோட சேர்ந்து குளிக்காதீங்க. கால் கழுவி விடறதுக்குக் கை சுத்தமா இருந்தா போதும்.

உங்க வீட்ல உண்மையான வழி கணவரோட உதடு. டைப் 1 எச்சில்லயும் கொப்புளத் தண்ணிலயும் வரும், புண் இல்லாத நாள்லகூட எப்பவாவது எச்சில்ல கொஞ்சம் இருக்கும். 50 வயசுக்குக் கீழ உள்ளவங்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பேருக்கு டைப் 1 இருக்குங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. அதுல பெரும்பாலும் சின்ன வயசுல வீட்டு ஆளுங்க எச்சில்ல வந்ததுதான், வந்ததே தெரியாம போனதுதான். உங்க பையனுக்கும் ஏற்கெனவே வந்துட்டுப் போயிருக்கலாம். ஆயுசுக்கும் வராம காவல் காக்க யாராலயும் முடியாது. கொப்புளம் இருக்கற நாளைத் தாண்டி வந்தா போதும்: உதட்டுல சுறுசுறுன்னு அரிக்க ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து, பொறுக்கு உதிர்ந்து புதுத் தோல் தெரியற வரைக்கும், சுமாரா 7லேர்ந்து 10 நாள், முத்தம் கிடையாது. ஒரே ஸ்பூன், பாதி கடிச்சுக் கொடுக்கற பழம், வாயால ஊதி ஊட்டற சோறு கிடையாது. அண்ணாந்து தண்ணி குடிக்கற வீடுன்னா பாதி வேலை முடிஞ்சது. மத்த நாள்ல அப்பா கன்னத்துல கொஞ்சறதைத் தடுக்காதீங்க.

வரப்போற குழந்தை விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். முதல் 6 வாரத்துல வைரஸ் தோலோட நிக்காம மூளைக்கும் கல்லீரலுக்கும் போயிடலாம். உடம்பு முழுக்கப் பரவி, சிகிச்சையும் கிடைக்கலன்னா பத்துல எட்டுக் குழந்தைக்கு மேல பிழைக்காது. உதட்டுல கொப்புளம் இருக்கற யாரும், அப்பாவாவே இருந்தாலும், குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. தூக்கியே ஆகணும்னா கை கழுவி, மூக்கும் வாயும் மூடற மாதிரி சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுத் தூக்கலாம். பொறுக்கு உதிர்ந்து புதுத் தோல் தெரியற வரைக்கும் இது வேணும்.

அந்த 6 வாரத்துல கவனிக்க வேண்டியது: 38 டிகிரி செல்சியஸ் (ஃபாரன்ஹீட்ல 100.4) காய்ச்சல், அல்லது உடம்பு சில்லுன்னு ஆகறது, பால் குடிக்காம தூங்கி வழியறது, அடங்காத அழுகை, மூச்சுத் திணறல், கை கால் வெட்டி இழுக்கறது, தோல்லயோ தலையிலயோ கண்ணோரத்துலயோ நீர்க் கொப்புளம். கொப்புளத்தை மட்டும் தேடிட்டு இருக்காதீங்க. மூளையைத் தாக்கற வகையில பல குழந்தைங்களுக்குத் தோல்ல ஒண்ணுமே இருக்காது. இதுல எது வந்தாலும் ராத்திரி ஆனாலும் 108ஐக் கூப்பிட்டு, பச்சைக் குழந்தை ஐ.சி.யூ. இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. கேஷுவாலிட்டியில முதல் வாக்கியமே "வீட்ல ஹெர்பிஸ் இருக்கு"ன்னு இருக்கட்டும். அதைக் கேட்டா டாக்டர் ரத்தம், முதுகுத் தண்டு நீர், கண், வாய், ஆசனவாய் ஸ்வாப் எடுத்துட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அசைக்ளோவிரை (ஹெர்பிஸ் வைரஸை அடக்கற மருந்து) நரம்பு வழியா ஆரம்பிச்சுடுவார். அளவு கிலோவுக்கு 20 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. தோல், கண், வாயோட நின்னா 14 நாள். மூளைக்கோ உடம்பு முழுக்கவோ போயிருந்தா 21 நாள். அதுக்கப்புறம் 6 மாசம் வாய்வழி மருந்து. சொல்லாம விட்டா சாதாரண கிருமித்தொற்றுன்னு ஆன்டிபயாடிக் மட்டும் ஓடும், முக்கியமான மணி நேரங்கள் போயிடும்.

லேபர்வார்டு

பிரசவப் பகுதிக்கு மட்டும் பதில். சிசேரியன் கட்டாயம் இல்லை.

தாய்க்கு ஹெர்பிஸ் முதன்முதலாகக் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் வந்தால், சுகப்பிரசவத்தில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். உங்களைப்போல் பழைய தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு அது 3 சதவீதத்துக்கும் கீழ். பிரசவ நேரத்தில் புண் இல்லை என்றால் இன்னும் குறைவு. காரணம், உங்கள் உடம்பு செய்து வைத்திருக்கும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். புதுத் தொற்று என்றால் அது உருவாகவே நேரம் இருக்காது.

நீங்கள் இப்போது 31 வாரம். 36வது வாரம் தொடங்கும்போது அசைக்ளோவிர் 400 மி.கி. மாத்திரை, தினம் 3 வேளை, பிரசவம் வரை. இதை மகப்பேறு மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள், எழுதித் தருவார். பிரசவ சமயத்தில் புண் கிளம்புவதையும், கண்ணுக்குத் தெரியாமல் வைரஸ் கசிவதையும் இது குறைக்கும். முன்கூட்டியே வலி வரும் அறிகுறி இருந்தால் 36 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வலி வந்ததும் நல்ல வெளிச்சத்தில் கருப்பை வாய் உட்பட முழுதும் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணோ, புண் வருமுன் வரும் எரிச்சல், குத்தல், சுறுசுறுவென்ற அரிப்போ இருந்தால் சிசேரியன். அந்த எரிச்சலைப் பலர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். சொல்லியே ஆக வேண்டிய விஷயம் அது. பனிக்குடம் உடைந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே கிளம்பவும். ஒன்றும் இல்லையென்றால் சுகப்பிரசவமே. குழந்தையின் தலைத்தோலில் குத்தி வைக்கும் கம்பி மானிட்டரைத் தவிர்க்கச் சொல்லலாம். வேக்கூம், ஃபோர்செப்ஸ் (குழந்தையை இழுத்து எடுக்கும் கருவிகள்) தேவையென்றால் மட்டும். தொடையிலோ புட்டத்திலோ தள்ளி ஒரு புண் இருந்தால் அதை மூடிவிட்டுச் சுகப்பிரசவம் பார்க்கலாம்.

பணியில் இருக்கும் மருத்துவர் மாறிக்கொண்டே இருப்பார். அதனால் உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் "பழைய எச்.எஸ்.வி.-2, 36 வாரம் முதல் அசைக்ளோவிர்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அதைக் கேட்கும்போது உடன் வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பால் வழியாக இது வராது. அசைக்ளோவிர் சாப்பிடும்போதும் கொடுக்கலாம். மார்பிலேயே, முக்கியமாகக் காம்பிலோ அதைச் சுற்றியோ கொப்புளம் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் ஆறும் வரை நிறுத்தி, புண்ணை மூடிக்கொண்டு மறு பக்கம் கொடுங்கள். நிறுத்திய பக்கத்தைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தால்தான் பால் கட்டாது. பீய்ச்சும்போது பம்போ பாலோ புண்ணில் பட்டால் அந்தப் பாலைக் கொட்டிவிடவும்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது. உங்களுக்கு இருப்பது டைப் 2. கணவரின் உதட்டில் இருப்பது அநேகமாக டைப் 1. உங்களுக்கு டைப் 1 இல்லையென்றால், வாய்வழி உறவின் மூலம் அது பிறப்புறுப்புக்கு வரலாம், அதுவும் கடைசி மூன்று மாதத்தில். பழைய டைப் 2 ஓரளவு காப்பு தரும். ஆனாலும் பிரசவம் வரை வாய்வழி உறவை நிறுத்தி வையுங்கள்.

வாசல்கோலம்

ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு. முதல் கர்ப்பத்துல எடுத்த டார்ச் டெஸ்ட்ல (கர்ப்பிணிகளுக்குச் சில தொற்றுகளைத் தேடற ரத்தப் பரிசோதனை) ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். (ஒரு வகை எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ்னு இருந்தது, இப்பவும் எடுக்கச் சொல்றாங்க. அப்புறம், மாமியார் சேனை வைக்கணும்னு இப்பவே தேன் வாங்கி வெச்சிருக்காங்க. குளிப்பாட்டறப்போ மூக்குல வாய் வெச்சு ஊதறதும் உண்டு. அவங்களுக்கும் உதட்டுல எப்பவாவது "சூட்டுக் கொப்புளம்" வரும். என் விஷயம் அவங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கண்மணி_ம

டார்ச் ஐ.ஜி.எம். மேல ஒரு முடிவும் எடுக்காதீங்க. ஹெர்பிஸ்ல ஐ.ஜி.எம். பழைய தொற்று திரும்பக் கிளம்பறப்பவும் வரும், தொற்றே இல்லாமலும் பொய்யா வரும், டைப் 1ஐயும் 2ஐயும் பிரிச்சும் சொல்லாது. அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கருவைக் கலைக்கலாமான்னு கேக்கற அளவுக்குப் போறவங்க இருக்காங்க, பாவம். உங்களுக்கு ஸ்வாப் பி.சி.ஆர்.லயே டைப் தெரிஞ்சாச்சு, அதுக்கு மேல டார்ச் ஒண்ணும் சொல்லப்போறது இல்ல. டைப் 1 உண்டான்னு தெரியணும்னா கிளைகோபுரோட்டீன் ஜி அடிப்படையில டைப் பிரிச்சுச் சொல்ற ஐ.ஜி.ஜி. (இன்னொரு வகை எதிர்ப்புப் பொருள்) பரிசோதனைன்னு கேட்டு எடுங்க. புதுசா தொற்றினவங்களுக்கு அது பாசிட்டிவ் ஆக 12 வாரம் வரைக்கும் ஆகலாம்.

மாமியார் விஷயம்தான் இந்தத் திரியிலயே பெரிய விஷயம். அந்தச் சூட்டுக் கொப்புளம் பெரும்பாலும் டைப் 1தான், உடம்பு சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சேனையில ரெண்டு ஆபத்து: உதட்டைத் தொட்ட விரல் நேரா குழந்தை வாய்க்குள்ள போகுது, தேன்ல போட்டுலிசம் (தசையை முடக்கற நோய்) கிருமியோட வித்து இருக்கலாம், 1 வயசு வரைக்கும் தேனே கூடாது. மூக்குல ஊதறது அதைவிட மோசம். எச்சில் நேரா மூச்சுப் பாதைக்குப் போகும். பெரியவங்க வாய் எச்சில் பட்டா புதுசா பிறந்த குழந்தைக்கு என்ன ஆகும்னு நியூயார்க்ல பதிவான கணக்கு இருக்கு: விருத்தசேதனக் காயத்தை வாயால உறிஞ்சற ஒரு பழைய முறையில 2000 முதல் 2011 வரைக்கும் 11 குழந்தைங்களுக்கு ஹெர்பிஸ் வந்து, 2 பேர் இறந்தாங்க. மூக்கு அடைச்சிருந்தா உப்புத் தண்ணி சொட்டு மருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒண்ணு ரெண்டு சொட்டு விட்டு, பால் கொடுக்கறதுக்கு முன்னாடி ரப்பர் பல்பால எடுத்தா போதும்.

உங்க விஷயத்தைச் சொல்ல வேண்டிய தேவையே இல்ல. "டாக்டர் 6 வாரம் யாரையும் முத்தம் கொடுக்க விடாதேன்னுட்டார், தேனும் கூடாதுன்னுட்டார்" போதும். இன்னும் நல்லா நடக்கணும்னா டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டரையோ நர்ஸையோ மாமியார் காதுபட இதைச் சொல்ல வையுங்க. சேனைக்குப் பதிலா ஒரு வேலை கொடுங்க, கால்ல போட்டுக் குளிப்பாட்டட்டும், தாலாட்டட்டும். வேலையே இல்லாத பாட்டிதான் மூக்குல ஊதப் போவாங்க. பார்க்க வர்றவங்களுக்கும் அதே சட்டம்: காலைத் தொட்டுக் கொஞ்சட்டும், கையையும் முகத்தையும் வேண்டாம். குழந்தை கையை வாய்க்குக் கொண்டு போயிடும்.

மாத்திரைக்கடை

கணவர் மருந்தையும் சொல்லிடறேன். அசைக்ளோவிர் 5 சதவீதக் களிம்பு தினம் 5 வேளை போட்டாலும் அரை நாள் ஒரு நாள்தான் குறையும். வேலை செய்யறது மாத்திரை, அதுவும் சுறுசுறுன்னு ஆன உடனே. வாலாசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழிச்சு இன்னொரு 2 கிராம், அத்தோட முடிஞ்சது. 500 மி.கி. மாத்திரைன்னா ஒரு வேளைக்கு 4. கொப்புளம் பூத்தப்புறம் சாப்பிட்டா பெரிய பலன் இல்ல, அதனால சீட்டை இப்பவே எழுதி வாங்கி மாத்திரையைப் பர்ஸ்ல வைக்கச் சொல்லுங்க. சிறுநீரகக் கோளாறு இருந்தா அளவு குறையும், டாக்டர்கிட்ட சொல்லணும். வெயில்ல வர்றவர்ங்கறதால எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 உள்ள லிப் பாம் தினமும். அடிக்கடி வருதுன்னா பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து குழந்தைக்கு 6 வாரம் ஆகற வரைக்கும் தினம் 500 மி.கி. வாலாசைக்ளோவிர் சாப்பிடறதைப் பத்தியும் கேளுங்க.

கடையில "வாய்ப்புண்ணுக்கு ஏதாவது கொடுங்க"ன்னு கேட்டா ஸ்டீராய்டு கலந்த பேஸ்ட்டோ, பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த களிம்போ கைக்கு வந்துடும். ஹெர்பிஸ்ல அது வைரஸுக்குத் தீனி போடற மாதிரி.

பையனுக்கு முதல் தடவை வெளிப்படையா வந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. தொட்ட 2லேர்ந்து 12 நாள்ல காய்ச்சல், வாய் நாத்தம், எச்சில் ஒழுகல், ஈறு சிவந்து வீங்கி ரத்தம் கசியறது, உதட்டுலயும் நாக்குலயும் முன்வாய்லயும் புண். வாய்ப் புண்ணோட உள்ளங்கை, உள்ளங்கால்லயும் புள்ளின்னா அது கை-கால்-வாய் நோய், வேற வைரஸ். ஹெர்பிஸா இருந்து, ஆரம்பிச்சு 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட போனா அசைக்ளோவிர் சிரப் எழுதுவார்: கிலோவுக்கு 15 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள். 12 கிலோவுக்கு 180 மி.கி. ஆகுது. சிரப்பு 5 மி.லி.க்கு 200 மி.கி.ன்னா 4.5 மி.லி., 400 மி.கி.ன்னா 2.25 மி.லி. தப்பு நடக்கறது இங்கேதான். பாட்டில் மாறினா அளவு ரெண்டு மடங்காயிடும். மூடியில அளக்காம சிரிஞ்சுல அளங்க. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமாலும் அதே 180 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 5 மி.லி.க்கு 250 மி.கி. சிரப்புன்னா 3.6 மி.லி. சாப்பிட வைக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கொடுத்தா விழுங்குவான்.

இந்த நோய்ல பிள்ளைங்க ஆஸ்பத்திரியில சேர்றது பெரும்பாலும் தண்ணி இறங்காததாலதான். ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணில கரைச்சு ஃபிரிட்ஜ்ல குளிர வெச்சு, 5 மி.லி. வீதம் 2, 3 நிமிஷத்துக்கு ஒரு தடவை கன்னத்தோரமா விடுங்க. குளிர்ந்த மோர்ச் சாதம், ஆறின ராகிக் கூழ், இளநீர் இறங்கும். ரசம், ஆரஞ்சு, உப்பு பிஸ்கட் எரியும். 8 மணி நேரம் மூத்திரம் போகல, அழுதா கண்ணீர் வரலன்னா டிரிப்ஸ் தேவைப்படும். வாயில மாசிக்காய் உரசறது, போராக்ஸ் கிளிசரின் தடவறது, மரத்துப்போற ஜெல் பூசறது எதுவும் வேண்டாம். எச்சில் ஒழுகற வரைக்கும் பிளே ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. பின்னாடி என்னைக்காவது உதட்டுல சின்னக் கொப்புளம் மட்டும் வந்தா அதுக்காக நிறுத்த வேண்டியது இல்ல. அவனுக்கு இது வந்தா, உங்க கைக்குழந்தைகிட்டேர்ந்து அவனைப் பிரிக்கணும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. அண்ணன் முத்தமும் முத்தம்தான்.

வேப்பங்காற்று

மாத்திரைக்கடை சொன்ன தினசரி வாலாசைக்ளோவிரை நான் கொஞ்சம் மாத்திச் சொல்வேன். அது அவருக்கு வர்ற தடவைகளைக் குறைக்கும், சரி. ஆனா மாத்திரை சாப்பிடறோமேன்னு மாஸ்க்கையும் கை கழுவறதையும் விட்டுடுவாங்க. வருஷத்துக்கு 6 தடவைக்கு மேல வர்றவர்னா சாப்பிடட்டும்; இல்லன்னா பர்ஸ்ல இருக்கற ஒரு நாள் மாத்திரையே போதும்.

பையன் விஷயத்துல இன்னும் மூணு. கண் ஒரு பக்கம் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாம, கண்ணோரம் கொப்புளம் இருந்தா அன்னைக்கே கண் டாக்டர். வீட்ல இருக்கற ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டா கருவிழியே போயிடலாம். விரல் சூப்பறவனுக்கு விரல்ல கொத்துக் கொத்தா கொப்புளம் வந்தா நகச்சுத்துன்னு கீறி விடாதீங்க. சீழ் வராது, புண்தான் பரவும். கரப்பான் (எக்ஸிமாங்கற தோல் அரிப்பு நோய்) இருக்கற குழந்தைன்னா ரொம்ப உஷார். அந்த இடத்துல திடீர்னு ஒரே அளவுல, நடுவுல குழி விழுந்த மாதிரி கொப்புளங்க நிறையக் கிளம்பி காய்ச்சலும் வந்தா அது அவசரம், அன்னைக்கே ஆஸ்பத்திரி. அதை அக்கின்னு நெனச்சு காவி எழுதிட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்தா நிலைமை கைமீறிப் போயிருக்கும். கரப்பான் உங்க பையனுக்கு உண்டான்னு நீங்க சொல்லலயே?

வாசல்கோலம்

முழங்கை மடிப்புல, முட்டிக்குப் பின்னாடி குளிர்காலத்துல வரும். இப்போ இல்ல.

வேப்பங்காற்று

அப்போ உங்க வீட்ல அப்பாவோட கொப்புள நாள் விதி பையனுக்கும் கண்டிப்பா வேணும். தோலைக் காய விடாதீங்க, குளிச்ச 3 நிமிஷத்துக்குள்ள வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்க, அப்பா தடவினா முதல்ல கையைக் கழுவிட்டுத் தடவட்டும். டப்பாவுக்குள்ள விரலை விடாம, பம்ப் வெச்ச பாட்டிலா வாங்குங்க.